மணிக்கு ஆஜர் கிடையாது

பதினொன்றாம் வகுப்பில் பாதி தாண்டும்வரை அவளுக்குக் குரல் என்று ஒன்று இருந்ததற்குச் சாட்சி கிடையாது. வகுப்பில் ‘கொசு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கொசுவுக்குச் செய்த அநியாயம். அதன் சத்தமாவது காதில் விழும். முதல் பெஞ்சில் உட்கார்ந்து “உள்ளேன் சார்” என்பாள். கணக்கு வாத்தியார் நிமிராமல் ஆப்சென்ட் போடுவார். பதிவேட்டோடு பேசிப் பழகிய மனிதர், முகத்தைப் பார்க்கிற வழக்கம் இல்லை. பதினொன்றாம் வகுப்பு அரையாண்டில் வீட்டுக்குக் கடிதம் வந்தது: வருகை போதாது, இப்படியே போனால் இறுதிப் பரீட்சை எழுத முடியாது.

அப்பா மர அறுவை மில்லில் வாள் மெஷின் ஓட்டுகிறவர். முப்பது வருஷத்தில் பாதிக் காதை அதற்கே கொடுத்துவிட்டார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“தினம் போறேல்ல?”

“போறேம்பா.”

“உதடு அசையுது, ஒண்ணும் வரலையே. நாளையிலிருந்து சாயங்காலம் மில்லுக்கு வா பாப்பா. மெஷின் ஓடறப்ப நீ கூப்பிட்டு நான் திரும்பிட்டேன்னா, அந்த வாத்தியாரு எம்மாத்திரம்.”

முதல் மாதம் தொண்டை கட்டியது. இரண்டாம் மாதம், மரத்தூள் மூட்டைமேல் தூங்கும் பூனை வேறு இடம் பார்த்துக்கொண்டது. மூன்றாம் மாதக் கடைசியில் அவள் கூப்பிட்டதும் அப்பா திரும்பினார். எதிர்வரிசைத் தையல்காரரும் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டு, “யாரும்மா அது?” என்று வெளியே வந்தார்.

மறுநாள் காலை, “உள்ளேன் சார்” என்றாள். வாத்தியாரின் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கி மேசையில் உட்கார்ந்தது. வராந்தாவில் அறுபது வருஷமாகத் தொங்கிய பள்ளி மணி குறுக்கே விரிசல் விட்டு விழுந்தது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், கொக்கி இன்னும் இருக்கிறது.

தலைமையாசிரியர் கோபப்படவில்லை.

“உடைச்சது நீதானே? புது மணி வர்ற வரைக்கும் நீயே அடி. பீரியடுக்கு ஒரு தடவை மைதானத்துல நின்னு குரல் குடு.”

“அட்டெண்டன்ஸ், சார்?”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

புது மணிக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார். எழுதியதும் போட்டதும் அவருக்கே வெளிச்சம்.

அதற்குப் பிறகு அவள் நடையே மாறியது. கூன் நிமிர்ந்தது. சின்னப் பிள்ளைகள் “மணியக்கா வராங்க” என்று வழிவிட்டன. பன்னிரண்டாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று, “சார், மூணாவது வரியில கழித்தல் குறி விட்டுட்டீங்க” என்றாள். மாடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் நோட்டில் கழித்தல் குறி போட்டுக்கொண்டார்கள்.

ஹால் டிக்கெட் கொடுத்த அன்று அவள் பெயர் மட்டும் வரவில்லை. வாத்தியாரிடம் போனாள்.

“நீ வரவே இல்லையேம்மா. மணி கேட்ட உடனே நான் பேர் கூப்பிடறேன். நீ ஒருநாளும் இல்ல.”

“மணியே நான்தான் சார். மைதானத்துலேர்ந்து ஓடி வர்றதுக்குள்ள பதிவேட்டை மூடிடறீங்க. என் குரல் உங்களுக்குக் கேக்கும்ல?”

“நல்லாக் கேக்கும். மணின்னு கேக்கும். மணிக்கு ஆஜர் போடச் சொல்றியா?”

தலைமையாசிரியரிடம் போனாள். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பாத்துக்கறேன்னு சொன்னேன், பாத்துட்டுத்தாம்மா இருந்தேன். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. உனக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு நானும் மணிதான்னு வந்து நிப்பாங்க. திங்கக்கிழமை ஒன்பதரைக்கு வந்துடு. பரீட்சைக்கு மணி வேணும்.”

வந்தாள். கையில் இரண்டு பேனா இருந்தது. பரீட்சைக் கூடத்து ஜன்னலுக்கு நேரே மைதானத்தில் நின்று, மில்லில் சேர்த்த மூச்சை எல்லாம் திரட்டினாள்.

“என் ஹால் டிக்கெட்டைக் குடுங்க சார்.”

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. உள்ளே முந்நூறு தலைகள் ஒன்றாகக் குனிந்தன. முந்நூறு வினாத்தாள்கள் திரும்பின. அந்தக் குரல் கேட்டால் வேலையைத் தொடங்குவது என்று பழகிய பிள்ளைகள். அதில் வார்த்தை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தலைமையாசிரியர் ஜன்னல் வழியே கடிகாரத்தைக் காட்டினார். “செகண்டு பிசகல. முடியறது பன்னிரண்டரைக்கு. அங்கேயே நில்லு.”

அவள் நிற்கவில்லை. நேராக மில்லுக்குப் போனாள்.

“எழுதிட்டியா பாப்பா?” என்று அப்பா கேட்டார். அவள் உதடு அசைந்தது. முப்பது வருஷத்தில் முதல் முறையாக வேலை நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டார். அப்போதும் கேட்கவில்லை.

பள்ளியில் பன்னிரண்டரைக்கு மணி அடிக்கவில்லை. பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். தாள் தீர்ந்து பெஞ்சில் எழுதினார்கள், மை தீர்ந்த பிறகுதான் எழுந்தார்கள். அந்த வருஷம் பரீட்சை எழுதிய அத்தனை பேரும் தேர்ச்சி. எழுதாதவளைச் சேர்த்துக்கொள்ள விதியில் இடமில்லை. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. தலைமையாசிரியர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாட்டுவதற்கு இடம் தேடினார். வராந்தாவில் ஒரு கொக்கி காலியாக இருந்தது.