பிரெஞ்சுக் கார் கொதித்த காரணம்

சட்னி போதவில்லை என்று பங்காரம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள், சென்னகேசவன் ஃபோனில் காரை விற்று முடித்திருந்தார்.

"ஆழியார் திருமூர்த்திகிட்டச் சொல்லிப்போட்டேன். வியாழக்கிழமை எடுத்துக்கறேன்னுட்டாரு" என்றபடி இட்லியைப் பிட்டார்.

"அவுரு ஊட்டுல ரெண்டு ஜீப்பு நிக்குது. அவுருக்கு எதுக்குங்க காரு?" என்றாள் பங்காரம்மா.

"காரை எவன் கேட்டான்? டீசல் இஞ்சினுதானே. கழட்டித் தென்னந்தோப்புல தண்ணி எறைக்கறதுக்கு வெச்சுக்குவாராமா."

எதிரில் உட்கார்ந்திருந்த மகள் ஹரிதா, பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மூன்று வயதில் வந்த போலியோ அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. நடப்பாள், சாய்ந்து சாய்ந்து. வீட்டில் இருந்த அம்பாசடரின் கிளட்சை அந்தக் காலால் பாதிகூட அழுத்த முடியாது. முயன்று பார்த்து இரண்டு நாள் தொடை வலியோடு படுத்திருக்கிறாள். தொண்ணூற்றைந்தில் நைனா இந்தப் பிரெஞ்சுக் காரை வாங்கி வந்தபோது, யாரும் இல்லாத நேரத்தில் ஏறி உட்கார்ந்து கிளட்சில் காலை வைத்தாள். பஞ்சு மூட்டையை மிதித்தது போல் அது உள்ளே போனது. ஆறே மாதத்தில் லைசென்ஸ் எடுத்தாள். அதற்கு அடுத்த மாதம், பீளமேட்டில் இருந்த அவர்களுடைய பம்பு கம்பெனிக்கு வரும் புகார்களை நேரில் போய்ப் பார்க்கும் வேலையை நைனாவிடம் கேட்டு வாங்கினாள்.

ஒன்றரை வருடமாக அன்னூர், சூலூர், பல்லடம் என்று தனியாகக் காரில் சுற்றுகிறாள். கிணற்று மேட்டில் உட்கார்ந்து, தண்ணீர் ஏறாத பம்பைக் காது கொடுத்துக் கேட்டு, எங்கே கோளாறு என்று சொல்லிவிட்டு வருவாள். "காரம்மா" என்று தோட்டங்களில் அவளுக்குப் பெயரே விழுந்துவிட்டது. கார் போனால் அந்தப் பெயரும் போகும். பிறகு, நைனாவோ வேறு யாராவதோ ஓய்வான நேரத்தில் கூட்டிப் போனால் உண்டு.

"ஏன் நைனா விக்கறீங்க?"

"ஏன்னு கேக்கறியா? வால்பாறை ரோட்டுல மூணு வாட்டி கொதிச்சுப்போச்சு. போன ஞாயித்துக்கெழமை ஒம்பதாவது வளைவுல பொகை விட்டுட்டு நிக்குது. பஸ்ஸுல போறவன் எல்லாம் தலையை நீட்டிப் பாக்கறான். பம்பு விக்கற மனுசன் நானு, ஒரு சொம்புத் தண்ணிக்குக் கையேந்திட்டு நின்னேன்."

"ஏன் கொதிக்குதுன்னு பாத்தீங்களா?"

"பிரெஞ்சுக் காரு, கொதிக்குது. இதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது? வாங்கறப்பவே ஊர்ல எல்லாரும் சொன்னாங்க, அது நம்மூருக்கு ஆகாதுன்னு."

ஹரிதா கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள். பொதுவாக அவள் அவரோடு எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை.

"'உங்க பம்பு மோசம்'னு ஒருத்தர் கடுதாசி போட்டா, ஆமா மோசந்தான்னு ஒத்துக்குவீங்களா நைனா? பம்பைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி பைப்பைப் பாருன்னு என்னைத்தானே பத்து மைல் தாண்டி அனுப்பறீங்க?"

சென்னகேசவன் மகளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பங்காரம்மா சட்னிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"செரி. வியாழக்கிழமை நீயே வால்பாறைக்கு ஓட்டு. நானும் வாரேன். கொதிச்சா, கொதிச்ச எடத்துல திருமூர்த்திகிட்டச் சாவியைக் குடுத்துட்டு பஸ் ஏறிடோணும். கொதிக்கலைன்னா கார் ஊட்டுக்கு வரட்டும்."

"வாக்கு மாற மாட்டீங்களே?"

"போடி, போய் வேலையைப் பாரு."

காரோடு வந்த புத்தகம் பீரோவில், நகைப் பெட்டிக்குக் கீழே, பிளாஸ்டிக் உறையோடு பத்திரமாக இருந்தது. உறை பிரிக்கப்படவே இல்லை. அன்று பகல் முழுக்க ஹரிதா அதை அகராதி வைத்துக்கொண்டு படித்தாள். இஞ்சின் குளிர்விக்கும் பகுதி ஏழு பக்கம். அதை மூன்று தடவை படித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலுக்கு வந்து நின்றாள். டிரைவர் அரங்கசாமி தினமும் செய்வதை அன்றும் செய்தார். முதலில் காரைக் கழுவினார். பிறகு பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உப்புத்தண்ணிக் குழாயில் பிடித்து வந்த சொம்பை அதில் சாய்த்தார். களுக் களுக்கென்று சத்தம் வந்தது. கழுத்து வரை நிரம்பியதும் மூடியைப் போட்டு, துண்டால் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்பாசடருக்குப் பதினைந்து வருடமாக இப்படித்தான் செய்கிறார். அது ஒரு நாளும் அவரை நடுரோட்டில் விட்டதில்லை.

அந்தக் களுக் சத்தம் ஹரிதாவுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். பம்பில் காற்று மாட்டிக்கொண்டால் வரும் சத்தம்.

குனிந்து பார்த்தாள். இஞ்சினிலிருந்து பின்பக்கம் போகும் ரப்பர் குழாய் ஒன்று, அரங்கசாமி தண்ணீர் ஊற்றும் வாயைவிட உயரத்தில் வளைந்து போனது. மேலிருந்து எவ்வளவு ஊற்றினாலும் அந்த வளைவில் இருக்கும் காற்று வெளியே வராது. சமதரையில் சமாளித்துவிடும், மலையில் இஞ்சின் மூச்சு வாங்கும்போது காற்று தண்ணீரை மறித்து நிற்கும். இந்தக் காரின் மூடியைத் தினம் திறக்கவே கூடாது, நிரப்பினால் இரண்டு திருகைத் தளர்த்திக் காற்றை விடவேண்டும், குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று புத்தகம் படம் போட்டுச் சொல்லியிருந்தது. எழுநூறு நாள், ஒரு நாள் தவறாமல், அரங்கசாமி தம் கையாலேயே காருக்குள் காற்றையும் உப்பையும் ஏற்றியிருக்கிறார்.

காரணம் கிடைத்த சந்தோஷம் உடனே வடிந்துவிட்டது. இதை நைனாவிடம் சொன்னால் அவர் காரை விட்டுவிட்டு அரங்கசாமியைப் பிடித்துக்கொள்வார்.

"அண்ணா, நாளையிலிருந்து அந்த மூடியைத் தொறக்க வேண்டாம்."

"தண்ணி பாக்காமயா? ஏனுங்க அம்மணி, பாக்கறப்பவே கொதிக்குது. பாக்கலைன்னா தீப்புடிச்சுக்கும்" என்று சிரித்தார் அவர்.

புதன்கிழமை காரை உக்கடத்துக்கு ஓட்டிப் போனாள். அப்துல் கையூம் பட்டறையில் எல்லாக் கம்பெனி காரும் நிற்கும். அவர் ரேடியேட்டரின் அடித் திருகைக் கழற்றியதும் பழுப்பு நிறத்தில் சேறு போல் தண்ணீர் கொட்டியது. விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "உப்புக் காய்ச்சலாம் போல இருக்குதுங்களே" என்றார். இரண்டு மணி நேரம் உள்ளே கழுவி எடுத்தார்கள். ஹரிதா புத்தகத்தைப் பார்த்து, பித்தளைத் திருகு இரண்டும் எங்கே என்று காட்டினாள். அழுக்கைச் சுரண்டிய பிறகுதான் அவை கண்ணுக்கே தெரிந்தன.

"இதை இன்னி வரைக்கும் ஒரு கையும் தொடலீங்க. கம்பெனியில போட்ட பெயிண்டு அப்படியே இருக்குது."

புதிதாகக் கூலன்ட் என்ற பச்சைத் திரவத்தை ஊற்றிக்கொண்டே அவர் திருகைத் தளர்த்தினார். உஸ்ஸென்று சீறிக்கொண்டு காற்று வந்தது. குமிழ் குமிழாகத் துப்பிவிட்டு, கடைசியில் நூல் பிடித்தது போல் பச்சையாக ஒழுகியது.

"பம்புக்குக் காத்து எடுக்கற அதே வேலை. இதை உங்க ஊட்டு ஆளுகளுக்கு உக்கடத்துலயா வந்து சொல்லோணும்?" என்றார் கையூம்.

"வெளிய சொல்லிப்போடாதீங்க" என்றாள் ஹரிதா.

வியாழக்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். அதுவரை அரங்கசாமி பானெட்டைத் தூக்காதபடி ஹரிதா காரைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்திருந்தாள். சென்னகேசவன் முன்னால். பின்னால் பங்காரம்மா, தயிர்சாத டிஃபன் கேரியரோடு. அவள் பக்கத்தில் அரங்கசாமி, மடியில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆழியாரில் திருமூர்த்தி தம் தோப்பு வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்தில் டிராக்டர், அதில் கயிறு.

"போயிட்டு வாங்க அம்மணி. எங்க நின்னாலும் கீழ எறங்கற பஸ்ஸுல சொல்லி அனுப்புங்க, நானே கட்டி இழுத்துக்கறேன். நீங்க ஒண்ணும் வெசனப்பட வேண்டாம்."

"நிக்காதுங்க" என்றாள் ஹரிதா.

முதல் கொண்டை ஊசி வளைவில் ஏறியதும் அவள் கண் ரோட்டுக்கும் சூடு காட்டும் முள்ளுக்குமாக மாறி மாறி ஓடியது. முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. நைனாவின் கண்ணும் அங்கேயேதான் இருந்தது. ஒன்பதாவது வளைவு வந்தது. கீழே அணைத் தண்ணீர் பளபளத்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. முள் பாதியைத் தொட்டது. முன்னால் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. முள் மறுபடி இறங்கியது.

பதினான்காவது வளைவில் ஹார்னை அழுத்தினாள். அடிக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மூச்சில்லை.

"பாத்தியா! நான் சொன்னனா இல்லியா? அது இல்லைன்னா இது. பிரெஞ்சுக்காரன் புத்தி!" என்றார் சென்னகேசவன், கிட்டத்தட்ட சந்தோஷமாக.

"ஹார்ன் கெட்டுப்போச்சுங்க நைனா. கெட்டதைக் கெடலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கொதிச்சாத்தான் தோத்த மாதிரி. அதுதான் பேச்சு."

"ஹார்ன் இல்லாம இந்த ரோட்டுல மேல போவியா? எதுத்தாப்புல பஸ் வந்தா?"

வண்டியை ஓரம் கட்டி யோசித்தாள். அவர் கேட்டது நியாயம்தான். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தாள்.

"அம்மா, கேரியர் மூடியையும் கரண்டியையும் எடுங்க. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடி ஜன்னலுக்கு வெளிய வெச்சுத் தட்டுங்க. நான் முதல் கியர்லயே போறேன்."

"நானா? ரோட்டுலயா?" என்றாள் பங்காரம்மா. ஆனால் அதற்குள் மூடி கையில் இருந்தது.

அதன்பின் இருபத்தாறு வளைவுகளுக்கு அவள் தட்டிய தட்டில் தேயிலைக் காட்டுப் பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். எதிரே வந்த ஒரு பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டுவிட்டே போனார். சென்னகேசவன் முகத்தைத் துண்டால் துடைப்பது போல் மூடிக்கொண்டார். முதல் கியரில் இஞ்சின் உறுமிக்கொண்டே ஏறியது. இப்படி ஏறினால் எந்தக் காருக்கும் சூடேறும். முள் பாதிக்கு மேலே ஒரு நூல் போனது, மின்விசிறி சுற்றியது, இறங்கியது. ஹரிதாவின் இடது தொடை நடுங்க ஆரம்பித்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வால்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காரை நிறுத்தினாள்.

மற்றவர்கள் கதவைத் திறக்குமுன் அரங்கசாமி கேனோடு இறங்கி ஓடினார். பானெட்டைத் தூக்கிவிட்டார். துண்டைச் சுற்றி மூடியில் கை வைத்துவிட்டார்.

"தொறக்காதீங்க!" ஹரிதா கத்தியதில் ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். அரங்கசாமி கையை எடுத்தார். முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் கத்தறே? தண்ணிதானே பாக்கறான்?" என்று சென்னகேசவன் இறங்கி வந்தார். மகளைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். முப்பது வருடம் பம்பு செய்தவர். அதிக நேரம் ஆகவில்லை. "ஓ" என்றார். "இவன் தினம் தொறந்து தொறந்து காத்தை ஏத்திவிட்டுட்டானா? ரெண்டு வருசமா? அரங்கசாமி..."

"நைனா, சித்த இருங்க." ஹரிதா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். கால் நடுங்கியது, பானெட்டைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம பம்பு ஒவ்வொண்ணோடயும் தமிழ்ல நோட்டீஸ் அச்சடிச்சுக் குடுக்கறோம். காத்து எடுக்கறது எப்படின்னு படம் போட்டு. இந்தக் காரோட புஸ்தகத்தை நீங்க எங்க வெச்சிருந்தீங்க? நகைக்கு அடியில, உறை பிரிக்காம. அண்ணா கையில குடுத்தீங்களா? குடுக்காம தப்புப் பண்ணிட்டார்னு சொன்னா, அது எந்த ஊர் நியாயம்?"

சென்னகேசவன் மூடிமேல் கிடந்த துண்டை எடுத்து அரங்கசாமியிடம் நீட்டினார்.

அரங்கசாமி தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு நாள் மறந்திருந்தாக்கூட அன்னிக்கு நல்லா இருந்திருக்கும் போலங்க" என்றார்.

"அக்கறையாத்தானே செஞ்சீங்க? இனி வேற மாதிரி செய்வோம். நான் எழுதித் தாரேன்."

பங்காரம்மா பின் சீட்டிலிருந்து, "சோறு புளிக்குது. தின்னுபோட்டுச் சண்டை போடுங்க" என்றாள்.

சாப்பிட்டதும், பங்காரம்மா மூடியைத் தட்டத் தட்ட மலை இறங்கினார்கள். ஆழியார் தோப்பு வாசலில் திருமூர்த்தி டிராக்டர் மேலேயே உட்கார்ந்திருந்தார். காரைப் பார்த்ததும் குதித்து இறங்கி வந்தார். ஹரிதா நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள்.

"கார் விக்கறதுக்கில்லீங்க. உங்களைக் காக்க வெச்சதுக்கு மன்னிக்கோணும்."

திருமூர்த்தி அவளைத் தாண்டி, அடுத்த சீட்டில் இருந்தவரைப் பார்த்தார். "ஏனுங்க, பேசி முடிச்சதுங்களே?"

சென்னகேசவன் மகளைக் கையால் காட்டினார்.

"அந்தம்மணிகிட்டயே பேசிக்குங்க. கார் இனி அம்மணியோடதுதான்."

"அப்ப இந்தப் பிரெஞ்சுக் காரு நல்ல காருதாங்களா அம்மணி? ஊரே வேற மாதிரி பேசுதே" என்று திருமூர்த்தி சிரிக்காமல் கேட்டார்.

ஹரிதா யோசித்துத்தான் பதில் சொன்னாள். "ஹார்ன் மோசமுங்க. ஸ்பேர் கெடைக்காது, அதுவும் நெசம். கொதிச்சதுக்கு மட்டும் கார் பொறுப்பில்லைங்க, நாங்கதான் பொறுப்பு. ஊர்ல யாராச்சும் கேட்டா இது மூணையும் சேத்தே சொல்லுங்க."

கிளட்சை அழுத்தினாள். மறுநாள் காலை அன்னூரில் ஒருவருக்குத் தண்ணீர் ஏறவில்லை; ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.