ஆறு சுவிட்ச், மூன்று துளை

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் என் வீட்டுக்காரர் எமில்ராஜ் மெசின் வைத்த மேசைக்குக் கீழே தலையைச் சொறிந்துகொண்டு கிடந்தார். மரத்தில் எழுத்து வெட்டவென்று அவரே பாகம் பாகமாகப் பூட்டிய மெசின். என் அப்பா யாகப்பு அதை விளையாட்டுச் சாமான் என்பார். போன கிழமை அது எல்லை தெரியாமல் ஓடி விளிம்பில் முட்டி, அப்பா தந்த பலகையைப் பிளந்துவிட்டது. அவருடைய பழைய வள்ளத்தில் தேறியவை இரண்டே பலகைகள். மிஞ்சிய ஒன்றில்தான் செத்துப்போன அம்மாவின் பெயரை வெட்டவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயில் சுவாமி வந்து அப்பாவின் புதுப் படகை மந்திரிக்கும்போது, முன்பக்க அணியத்தில் 'அற்புதராணி' இருக்கவேண்டும்.

முட்டுவதற்கு முன் நிறுத்த முனைக்கு ஒரு சுவிட்ச் வேண்டுமாம். மெசின் ஓடும் மூன்று திசைக்கும் இரண்டிரண்டாக முனை ஆறு. மெசினை ஓட்டும் போர்டில் வயர் செருக மிஞ்சியிருந்த துளையோ மூன்று.

"புது போர்ட் வர ரெண்டு கிழமையாகும்," என்றார்.

நான் நத்தாருக்கு வீட்டில் தொங்கவிடும் பல்ப் மாலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். எரிச்சலில் சொன்னேன்: "உந்த மாலை மாதிரி ரெண்டு ரெண்டாக் கோர்த்து விடுங்கோவன்."

"அதிலை ஒண்டு போனா எல்லாம் அணைஞ்சிடுமே..." என்றவர் சடாரென்று எழும்பி, மேசையில் தலையை இடித்துக்கொண்டார். "அணையட்டும் கிறிஸ்ரினா! எப்பவும் கரண்ட் ஓடட்டும். சுவிட்ச் முட்டினாலும் வயர் அறுந்தாலும் கரண்ட் நிண்டு மெசினும் நிக்கும்!"

சனிக்கிழமை பின்னேரம் அப்பா வந்தார். மெசின் 'அற்பு' வரை வெட்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்க்கிறேன் என்று கால் வைத்தவர், காலில் சிக்கிய சுவிட்ச் வயரை இழுத்து அறுத்துவிட்டார். மெசின் கப்பென்று நின்றது.

"ஐயோ, பழுதாக்கிப்போட்டனோ பிள்ளை?" என்றார் அப்பா.

எமில்ராஜ் குனிந்து பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இல்லை மாமா. ஒரு கீறலும் இல்லை. வயர் அறுந்தது தெரிஞ்சுதான் நிண்டது. தெரியாம ஓடியிருந்தா இதையும் பிளந்திருக்கும்."

அப்பா எழுத்துக்குள் கிடந்த மரத்தூளை விரலால் வழித்தார்.

"உங்கடை மாமியும் இப்பிடித்தான் தம்பி. ஒண்டு பிழைச்சா அந்த இடத்திலையே நிண்டிடுவா. பிறகு நான்தான் போய்ச் சமாதானப்படுத்தவேணும்."

கல்யாணமாகி ஆறு வருசத்தில் எமில்ராஜை அப்பா 'தம்பி' என்று கூப்பிட்டது இதுதான் முதல்தரம்.

வயரை முறுக்கி ஒட்டியதும் மெசின் தான் நிற்கும் இடத்தைச் சரிபார்க்க மூலைவரை போய்ச் சுவிட்சைத் தொட்டுவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. அப்பா இடுப்புச் சாரத்தை ஒதுக்கி, இரண்டு காலையும் தான் இருந்த கதிரைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் 'த' வளைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.