எச்சரிக்கை விளக்குக்குச் சந்தனப் பொட்டு

எனக்கு நிச்சயம் செய்திருந்த மணிமுத்துவுக்குக் கார் என்றால் உயிர் என்று தரகர் சொன்னார். பார்த்தபோது உண்மைதான் என்று பட்டது. வடகரையில் அவர்கள் தென்னந்தோப்பு வீட்டு வாசலில், குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிள்ளை மாதிரி வெள்ளைவெளேரென்று நின்றது அந்தக் கார். முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. கண்ணாடியில் கறுப்புக் கயிறு. பின்பக்கம் ‘காவல்’ என்று சிவப்பும் நீலமுமாக ஒரு ஸ்டிக்கர். மணிமுத்துவின் அப்பா முப்பிடாதி சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஸ்டிக்கர் மட்டும் இன்னும் டூட்டியில் இருந்தது.

உள்ளே ஏறினால் செண்ட் வாசனையில் மூச்சு முட்டும். டேஷ்போர்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பாலிஷ். அந்தக் காருக்கு அவன் பார்த்துப் பார்த்து ஊற்றிய திரவம் செண்டும் பாலிஷும்தான். பானெட்டுக்குக் கீழே இருக்கும் திரவங்களைப் பற்றிக் கேட்டால், சமையலறையில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டது போல விழிப்பான்.

நான் தென்காசியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். கீழப்பாவூரிலிருந்து தினமும் என்னுடைய சின்னப் பழைய காரில்தான் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஞ்சின் சூடாகும் முன்னால் பானெட்டைத் திறந்து ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவித் துடைத்துப் பார்ப்பேன். இஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் கோட்டுக்கு மேலே நிற்கிறதா, பிரேக் ஆயில் இறங்கியிருக்கிறதா, வைப்பருக்குத் தண்ணீர் உண்டா, அவ்வளவுதான். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். கண் இருந்தால் போதும். கண் இருந்தும் பார்க்காதவர்களோடுதான் எனக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள்.

கல்யாணம் ஆவணியில். அவர்கள் வீட்டில் போட்ட ஒரே நிபந்தனை, என் காரை விற்றுவிட வேண்டும்.

“ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி போதும். ஓட்டுததுக்கு ஆம்பள இருக்கான். நீ எதுக்கு அலையணும்?” என்றார் முப்பிடாதி, எனக்கு ஏதோ பெரிய விடுதலை வாங்கித் தருகிறவர் போல.

என் அம்மா ஆவுடையம்மாள் அதற்கும் தலையாட்டினாள். அப்பா போன பிறகு எனக்கு வரன் தேடித் தேடி அவள் காலில் செருப்பு தேய்ந்து போயிருந்தது. மணிமுத்து எது சொன்னாலும் அவளுக்கு வேதவாக்கு. நிச்சயத்தன்று அவன் வலது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு தழும்பைப் பார்த்து, “இது என்ன மாப்பிள்ளை?” என்று பதறிக் கேட்டாள். “கோயில் கொடையில வாணம் விடும்போது பட்டுச்சு அத்தை” என்றான். சாமி காரியத்தில் பட்ட காயம் என்று அம்மா அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். காரை விற்க நான் மட்டும் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆடிச் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, குற்றாலத்துக்குக் குளிக்கப் போகலாம் என்று அப்பாவும் மகனும் எங்கள் வீட்டுக்கே காரோடு வந்து இறங்கினார்கள். மணிமுத்து ஓட்ட, முப்பிடாதி பக்கத்தில் உட்கார, நானும் அம்மாவும் பின்னால் ஏறினோம். சாவியைத் திருப்பியதும் வழக்கம்போல என் கண் மீட்டர் பக்கம் போனது. வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, இஞ்சின் சூடு ஏறினால் சிவப்பாக எரிகிற விளக்கு இருக்க வேண்டிய இடத்தில், அப்பிய வறட்டியைப் போலக் கெட்டியாகச் சந்தனம். நடுவில் குங்குமம்.

“மாமா, அந்த இடத்துல ஏன் பொட்டு வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“அதுவா?” முப்பிடாதி உற்சாகமாகத் திரும்பினார். “போன ஆயுத பூசைக்கு முந்தி அங்கன ஒரு செவப்பு லைட்டு அடிக்கடி எரிஞ்சிக்கிட்டே கெடந்துச்சு. மெக்கானிக்கிட்ட கேட்டா ஓஸ் ஒழுகுது, பம்பு போச்சுன்னு கத கதயா அளக்கான். பயமுறுத்திப் பிடுங்குத பயலுவ. பூசையில நானே சந்தனத்தக் கொழச்சு அது மேல வச்சேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம புதுப்பொட்டு வச்சிருவேன். அன்னையிலேருந்து ஒரு தொந்தரவும் இல்ல.”

“லைட்டு தெரியல, அவ்வளவுதானே மாமா?”

“தெரியலன்னா எரியலன்னு அர்த்தம்” என்றார். முப்பது வருஷம் இப்படித்தான் கேஸ்களை முடித்திருப்பார் போல.

எங்கள் வார்டில் மெஷின் அலாரம் அடிக்கும்போது அதன் வாயில் பிளாஸ்டர் ஒட்டினேன் என்று வையுங்கள், சாயங்காலத்துக்குள் என் கையில் விலங்கு மாட்டியிருப்பார்கள். இங்கே அதற்குப் பெயர் பூஜை. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

ஐந்தருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். முப்பிடாதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே அங்கு நின்ற போலீஸ்காரரிடம் போய், தான் யார், எந்த ஸ்டேஷனில் இருந்தவர் என்று விவரமாகச் சொன்னார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி அண்ணாச்சி, தண்ணிக்கு உம்மத் தெரியாதே” என்றார். அன்றைக்கு முழுவதும் நான் மனசாரச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பஜ்ஜி தின்று, நேந்திரம் சிப்ஸ் வாங்கிக் காருக்குத் திரும்பியபோது மணிமுத்து டிக்கியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனை எடுத்தான். ஓடையில் இறங்கிக் கலங்கல் தண்ணீரை மொண்டு வந்து, ஆறிப்போயிருந்த ரேடியேட்டரில் கடகடவென்று ஊற்றினான். கேன் பாதி காலியாகியும் அது குடித்துக்கொண்டே இருந்தது.

“இவ்வளவு குடிக்குதுன்னா எங்கயோ ஒழுகுது. அதுக்குக் கூலன்ட்தான ஊத்தணும்?” என்றேன்.

“கடையில விக்குத பச்சக் கலர் தண்ணியா? ஏட்டி, இது குத்தாலத் தண்ணி. மூலிகைத் தண்ணி. குளிச்சா மனுசனுக்கே தலையில உள்ள சூடு எறங்குது. இஞ்சினுக்கு எறங்காதா?” என்று அவன் கேட்க, முப்பிடாதி மகனைப் பெருமையோடு பார்த்தார். அந்தத் தண்ணீரில் மூலிகை இருந்ததோ என்னவோ, ஷாம்பு பாக்கெட் ஒன்று மிதந்ததை நான் பார்த்தேன். தாலி கட்டும் முன்பே எனக்கு ‘ஏட்டி’ வந்துவிட்டதையும் கவனித்தேன்.

அதோடு வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் போலீஸ்காரர் சொன்ன சொல் முப்பிடாதிக்கு உறைத்திருந்தது. “கேரளா பக்கம் பாலருவிக்கு விடுலே” என்றார். மலைக்கு இந்தப் பக்கம் வெள்ளம் வந்தால் அந்தப் பக்கம் மட்டும் வெயிலா அடிக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

செங்கோட்டை தாண்டி, புளியரைக்கு அப்பால் மலைப்பாதை ஏறத் தொடங்கியது. முன்னால் பாரம் ஏற்றிய லாரிகள் ஊர்ந்தன. மணிமுத்து ஏசியைக் குறைக்காமல், கியரையும் குறைக்காமல், லாரிகளைத் திட்டிக்கொண்டே மிதித்தான். எஸ் வளைவு நெருங்கும்போது ஏசியில் வெந்த காற்று வந்தது. ஏதோ கருகும் வாடை செண்டையும் மீறி அடித்தது.

“ஓரமா நிப்பாட்டுங்க. இஞ்சின் சூடாயிருக்கு” என்றேன்.

“ஏறி முடிச்சிட்டு நிப்பாட்டுவோம். ஆம்பள ஓட்டும்போது பொறத்தால இருந்து வாத்தியார் வேல பாக்காத.”

கார் அவனைவிட யோக்கியமானது. வளைவில் திணறிக் குலுங்கி, தானே வேகம் குறைந்து, ஓரத்தில் கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் வந்து நின்றது. பானெட் இடுக்கு வழியாக ஆவி கிளம்பியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பின்னால் லாரிகளின் ஹாரன். மணிமுத்து இஞ்சினை அணைக்காமலே இறங்கிப் போய்ப் பானெட்டைத் தூக்கிவிட்டான்.

நான் இறங்கி டிரைவர் பக்கக் கதவு வழியாகக் குனிந்து, குளிப்பதற்குக் கொண்டுவந்திருந்த துண்டை எச்சில் தொட்டு அந்தச் சந்தனத்தை அழுத்தித் துடைத்தேன். அடியில் விளக்கு ரத்தச் சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது. எத்தனை மாதமாக எரிந்து எரிந்து கத்தியதோ. சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தேன்.

“அய்யய்யோ, பொட்ட அழிச்சிட்டாளே.” முப்பிடாதியின் குரல் மலையில் மோதித் திரும்பியது. “கல்யாணம் ஆவப்போற பொண்ணு பொட்ட அழிக்கலாமா? எம்புள்ள ஓட்டுத வண்டியிலயா? ஆவுடையம்மா, இது என்ன வளர்ப்பு? உங்க வீட்டுல பொட்டு இல்லன்னா எங்க வீட்டுலயும் வேண்டாமா?”

அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தே அதைச் சொன்னார். இஞ்சின் வெந்துகொண்டிருக்கிறது, கார் பள்ளத்தின் ஓரத்தில் நிற்கிறது, இந்த மனிதருக்குச் சந்தனம் போனதுதான் விபத்து. எனக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. சக்கரத்துக்குப் பின்னால் அண்டை கொடுக்க ஒரு கல் தேடிப் போனேன்.

அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “சின்னப் பிள்ள, தெரியாமச் செஞ்சிட்டா அண்ணாச்சி. மனசுல வச்சுக்காதீங்க” என்று கை கூப்பினாள். கூப்பிய கைக்கு ஏதாவது வேலை கிடைத்து, அதைச் செய்து அவர்களைக் குளிரவைத்துவிட மாட்டோமா என்று அவள் தவித்தது எனக்கே தெரிந்தது. மணிமுத்துவுக்கும் தெரிந்திருக்கிறது.

“அத்தை, நீங்களாவது ஒரு ஒத்தாச பண்ணுங்க” என்றான். “முந்தானையச் சுத்தி அந்த ரேடியேட்டர் மூடியத் திறந்து விடுங்க. இன்னும் பாதிக் கேன் தண்ணி இருக்கு, ஊத்திருவோம். நான் அந்தால போயி மெக்கானிக்குக்குப் போன் போடுதேன்.”

சொல்லிவிட்டுத் தள்ளி இருந்த ஒரு மைல்கல் பக்கம் நடந்தான்.

நான் கல்லோடு நிமிர்ந்தபோது அம்மா பானெட்டுக்குள் முகத்தைக் குனிந்து, முந்தானை சுற்றிய கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். கல்லைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்ததும், பாதி திருகியிருந்த மூடி தெறித்ததும் ஒன்றாகவே நடந்தன. கொதித்த செந்நிறத் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டுப் பானெட்டின் உள்பக்கம் அறைந்து சிதறியது. அம்மாவும் நானும் ரோட்டோரச் சேற்றில் விழுந்து கிடந்தோம். அவள் முந்தானையில் துருத் தண்ணீர் பட்டு ஆவி பறந்தது. முகத்தில் ஒன்றும் படவில்லை. நான் அந்த முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

மணிமுத்து மெதுவாக வந்தான். “பெயிண்ட்ல பட்டுட்டா?” என்று கேட்டான்.

கோட்டைவாசல் பக்கமிருந்து இறங்கிவந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினேன். அம்மா மறுப்புச் சொல்லாமல் ஏறினாள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையின் துருக்கறையை விரலால் தேய்த்துக்கொண்டே வந்தாள். என்னைத் திட்டுவாள், திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன்.

செங்கோட்டை வரும்போது அவளுடைய போன் அடித்தது. அவளுக்கு எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசத் தெரியும். முப்பிடாதி தாராளமாகப் பேசினார்.

“நடந்தது நடந்து போச்சு ஆவுடையம்மா. நாங்க பெருசுபடுத்தல. கோயில்ல ஒரு பரிகாரம் பண்ணிருவோம். அவ காரையும் இந்த மாசமே வித்துருங்க. அதான் அவள இவ்வளவு பேச வைக்குது.”

அம்மா துருக்கறையிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு வழக்கமான மரியாதையோடுதான் கேட்டாள்.

“சரி அண்ணாச்சி. மாப்பிள்ளைக்குக் கையில ஒரு தழும்பு இருக்கே, அது எப்படி வந்துச்சு?”

“அதுவா? போன வருசம் இதே மூடியத் திறக்கப் போயி வெந்துட்டான். பதினஞ்சு நாளு கட்டுப் போட்டுக் கெடந்தான், பாவம். அதுக்கு என்ன இப்ப?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி” என்றாள் அம்மா. “தெரிஞ்சுக்கிடலாம்னு கேட்டேன்.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி உமா,” என்றாள். “ஞாயித்துக்கெழம பானெட்டத் திறக்கும்போது என்னையும் கூப்பிடு.”