நல்ல கொழுப்பு அறுபத்தெட்டு

கே-7 மூன்றாவது முறையும் என் மானத்தை வாங்கியது.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தட்டில் செல் வளர்த்து, அதற்குக் கொழுப்பை ஊட்டி, பிறகு அந்தக் கொழுப்பை வெளியே எடுக்கிற வேலை. இதைக் கேட்டாலே என் மாமியார் மேரி அத்தைக்குச் சிரிப்பு வந்துவிடும். "ஊட்டாம வுட்டா எடுக்கவே வேணாமே" என்பார். ஆனால் பாதி மாரடைப்புக்கு ஆரம்பமே அங்கேதான். ரத்தக்குழாய்ச் சுவரில் உட்கார்ந்திருக்கும் சில செல்கள் கொழுப்பை வாங்கி வாங்கி, வெளியே விட வழியில்லாமல் வீங்கி, அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. அவற்றிடமிருந்து கொழுப்பை வாங்கிப் போவதற்கென்றே ரத்தத்தில் ஒரு துகள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் நல்ல கொழுப்பு என்கிறோம். ஒருவருடைய துகள் எவ்வளவு வாங்கிப் போகிறது என்று நான் அளக்க வேண்டும். ஊட்டும் கொழுப்பில் ஒளிரும் சாயம் இருக்கும். நாலு மணி நேரத்தில் அந்த ஒளி செல்லைவிட்டு வெளியே வந்திருந்தால் துகள் வேலை செய்கிறது, உள்ளேயே கிடந்தால் செய்யவில்லை.

நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஆரோக்கியமான ஒருவருடையதோடு ஒப்பிட வேண்டும். அந்த ஆரோக்கியமான ஆள்தான் கே-7. மூன்று தட்டிலும் கே-7 ஊற்றிய குழிகளில் ஒளி செல்லைவிட்டு நகரவே இல்லை. நோயாளிகளே தேவலை.

"கை நடுங்குதா ஹெலன், இல்ல மனசு வேற எங்கயாவது இருக்கா?" என்றார் டாக்டர் சுஜாதா. ஆய்வகத் தலைவர். குரலை உயர்த்தாமலே திட்டுவார், அதுதான் கூடுதலாகச் சுடும். நான் பிப்பெட்டை மாற்றினேன், செல்களைக் கொட்டிவிட்டுப் புதிதாக வளர்த்தேன், பார்த்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். நான்காவது தட்டில் கே-7க்குப் பக்கத்திலேயே என்னுடைய சீரத்தையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். என் குழிகளில் ஒளி அழகாக வெளியே வந்தது. கே-7 அப்படியே கிடந்தது. செல்லிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை.

கே-7 என்பது யார் என்று அந்த ஆய்வகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். லேபிள் ஒட்டியது நான். அது என் மாமனார் ஆபிரகாம்.

ஐம்பது தாண்டிய ஆரோக்கியமானவர்கள் வேண்டும் என்று நாலு மாதத்துக்கு முன் ஆய்வகத்தில் கேட்டபோது, நானே அவரை அழைத்துப் போனேன். மாமல்லபுரம் பீச் ரோட்டில் மீன் வறுவல் கடை. முப்பது வருஷமாகக் கல்லுக்கு முன்னால் நிற்கிறார், ஒரு காய்ச்சல் என்று படுத்ததில்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் நல்ல கொழுப்பு அறுபத்தெட்டு வந்தது. ஆண்களுக்கு நாற்பதைத் தாண்டினாலே டாக்டர்கள் சந்தோஷப்படுவார்கள். சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டு நடுவில் நின்றுகொண்டு, அத்தை காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்: "உங்க ஹார்ட்டுக்கு ஒண்ணுமே வராது மாமா." படித்த திமிர், வேறென்ன. மறுநாளே அவர் அந்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து, கடையில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டார்.

கே-7 யார் என்று சுஜாதா மேடத்திடம் சொன்னேன். அவர் மிச்சமிருந்த சீரத்தில் இன்னொரு சோதனை செய்யச் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"துகள் எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. ஆனா அதோட புரதத்துல குளோரின் ஏறியிருக்கு, வேற சேதமும் தெரியுது. அந்தப் புரதம்தான் செல்லோட வாசல்ல போய்ப் பிடிக்கணும். பிடிக்கலன்னா கொழுப்பு வெளிய வராது."

"எதனால மேடம்?"

"உடம்புக்குள்ள எங்கயோ அழற்சி இருக்கலாம். பீடி பிடிப்பாரா? திரும்பத் திரும்பக் காய்ஞ்ச எண்ணெய்ப் புகையா? இதுதான்னு சொல்ல முடியாது. இது ஆராய்ச்சி, ஹெலன். இதை வெச்சு ஒரு ஆளை நோயாளின்னு சொல்ல முடியாது. முடிவைச் சொல்ல மாட்டோம்னு ஃபாரத்துலயும் போட்டிருக்கோம்." சற்று நிறுத்திக் கேட்டார். "அவருக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாக அவர் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே பேசுகிறார். கடையில் ஒரு ஸ்டூல் முளைத்திருக்கிறது. சர்ச் படிக்கட்டில் நடுவழியில் நின்று யாரையாவது விசாரிக்கிறார். எல்லாம் என் கண்ணெதிரேதான் நடந்தது. அறுபத்தெட்டு இருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுக்கு எந்த ஃபாரமும் குறுக்க நிக்காது. இப்பவே கிளம்பு" என்றார்.

குறுக்கே நிற்பது நான் சொன்ன வார்த்தை என்று அவருக்குத் தெரியாது. திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் கையை அசைக்கக்கூட இடமில்லாமல் நின்றுகொண்டு வந்தேன். அவரிடம் பேச வேண்டியதை மனதுக்குள் எப்படி ஆரம்பித்தாலும், அந்த லேமினேட் அட்டையில் போய்த்தான் முட்டியது.

கடை என்றால் ஓர் ஆள் அகலம். பின்னால் சுவர், முன்னால் கல், வலப்பக்கம் சிலிண்டர், இடப்பக்கம் ஒரு பலகை. உள்ளே போனவர் வெளியே வரப் பலகைக்கு அடியில் குனிய வேண்டும். மாலைக் கூட்டத்துக்காக மாமா அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்திருந்தார். அத்தை ஐஸ் வாங்கப் போயிருந்தார்.

"இன்னாமா, இந்நேரத்துக்கு வந்து நிக்கிற? லீவா?"

"ஒரு செக்கப்புக்குப் போவலாம் மாமா. செங்கல்பட்டுக்கு. இப்பவே."

அவர் திரும்பிப் பார்க்காமல் கரண்டியால் மேலே காட்டினார். "அதப் பாரு. அறுபத்தெட்டு. நீ சொன்னதுதான்."

அந்த அட்டை மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஃபாரமாவது மண்ணாவது என்று தோன்றிவிட்டது.

"மாமா, ரெகுலேட்டர்ல உள்ள இருக்கிற பின் வளைஞ்சிட்டா இன்னா ஆவும்?"

"சிலிண்டர் மேல சரியா குந்தாது. கேஸ் வராது."

"சிலிண்டர் ஃபுல்லா இருந்தா கூட?"

"ஃபுல்லா இருந்து இன்னா பிரயோஜனம், வெளிய வரணுமே."

"உங்க ரத்தத்துல அறுபத்தெட்டு ரெகுலேட்டர் கீது மாமா. பின்னு வளைஞ்சி கீது. நான் எண்ணி மட்டும் பாத்துட்டு நல்லா கீதுன்னு சொல்லிட்டேன். அது தப்பு. நாலு வாட்டி டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்."

கரண்டி நின்றது. சிரிப்பார் என்று நினைத்தேன், அல்லது கோபப்படுவார் என்று. அவர் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப இந்த நெஞ்சு நோவு நெசமாவே அதானா?" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"நீ அந்தச் சீட்டக் குடுத்த வாரத்துலேர்ந்து. நின்னா புடிக்குது, குந்துனா வுட்டுடுது. இன்னிக்குக் குந்தியும் வுடல."

"ஏன் சொல்லல மாமா?"

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி இவ இன்னாத்த கிழிக்கிறான்னு உங்க அத்த எப்பவும் சொல்லிகினே இருப்பா. இந்தச் சீட்டு வந்தப்புறம்தான் வாய மூடுனா. நோவுதுன்னு நான் சொன்னா நீ சொன்னது பொய்யாப் பூடுமேமா."

அவர் அதை ஆணியடித்து மாட்டியது தனக்காக அல்ல. குனிந்து உள்ளே போய் கேஸை அணைத்தேன். அவர் பலகைக்கு அடியில் குனிய முடியாமல் தவித்தார். பக்கத்துச் சங்கு கடைக்காரரும் நானுமாகப் பலகையைப் பெயர்த்துத்தான் அவரை வெளியே கொண்டுவந்தோம். ஆட்டோ கிளம்பும்போது ஐஸ் மூட்டையோடு அத்தை வந்தார். மூட்டையை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஏறிக்கொண்டார். வழியெல்லாம் மாமா "வெறும் கேஸு, வெறும் கேஸு" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்ததுமே டாக்டரின் நடை வேகமானது. "வலி எப்பலேர்ந்து இருக்கு?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். "இன்னிக்கி மதியானம்தான் சார்."

டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

"நாலு மாசமா சார்" என்றேன். "அவர் பொய் சொல்றார். எனக்காகச் சொல்றார். ரிப்போர்ட்டைப் பாத்து ஒண்ணும் வராதுன்னு நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு நாலு மாதம் என்று எழுதினார். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. அத்தையின் வாயிலிருந்து வரப்போவதற்காகத் தலை குனிந்து நின்றேன். என்ன சொன்னாலும் எனக்குத் தகும் என்றுதான் இருந்தது.

"தோளு நோவுதுன்னு தெனமும் சொல்லும். நான்தான் தைலம் தேச்சி வுடுவேன்" என்றார் அத்தை. குரல் எழும்பவில்லை. "எனக்கு அப்பவே சந்தேகம்தான். எங்க நைனாவுக்கும் இப்டித்தான் தோளுல ஆரம்பிச்சுது. இட்டுகினு போவலாமான்னு எத்தினியோ வாட்டி நெனச்சேன். படிச்ச பொண்ணு நீ ஒண்ணும் வராதுன்னு சொல்லிட்டியே, எனக்கு இன்னா தெரியும்னு வுட்டுட்டேன்."

நாலு வருஷமாக என் வேலையைச் சொல்லிச் சிரித்தவர், அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் சிரிக்காமல் இருந்திருக்கிறார்.