ரெண்டு பேர் போதும் என்றார் கங்காணி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை ருவான்வெல்லையில் ஒரு கடையில் நின்றுகொண்டு, எனக்குத் தெரியாத ஒரு விஷயத்துக்கு "ஓம், சரிதான்" என்றேன். அந்த ஓமை இனி அழிக்க முடியாது. அதனால் அதைச் சுற்றிக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. நேரத்தை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் வடக்கிலிருந்து வந்து, இங்கே அரசாங்கக் கந்தோரில் பதினொரு வருடமாக எழுதுவினைஞர். வாரப் பத்திரிகைகளில் என் கதைகள் நாலைந்து வந்திருக்கின்றன. பேப்பரில் பெயர் வந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று தோட்டத்து ஆட்கள் நினைக்கிறார்கள். நானும் அவர்களை இதுவரை திருத்தவில்லை. திருத்த மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

2

தொடக்கங்கள்:

"மழை ஓய்ந்த அந்த மாலைப்பொழுதில், இறப்பர் மரங்களின் நடுவே" [வேண்டாம். அன்று மழையும் இல்லை, மாலையும் இல்லை. காலை பத்தரை. கடைக்குள் இறப்பர் மரம் எப்படி வரும்?]

"கணினிச் செயலிகளில் இருகருவுடையவை, நான்குகருவுடையவை என" [பாடப்புத்தகம். கடையில் டுவல் கோர், குவாட் கோர் என்றுதான் பேசினார்கள்.]

"அழகமுத்துக் கங்காணிக்கு கஜேந்திரன் என்றொரு மகன். அவனுக்கு கம்பியூட்டர் கேம் என்றால் உயிர்" [இதில் ஒரு பக்கம் எழுதிவிட்டேன். வாசகர் நம்புவார் என்பதற்காக மகனாக்கினேன். ஆனால் கங்காணிக்கு மகனே இல்லை. விளையாடுகிறவள் மகள் சுகந்தினி. இருபத்திரண்டு வயது, தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை. நம்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.]

3

புவாட் நானாவின் கம்பியூட்டர் கடை. எனது கீபோர்டைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். கங்காணியும் சுகந்தினியும் கேம் விளையாடும் கம்பியூட்டர் ஒன்று வாங்க வந்தார்கள். இரண்டு வருடம் அவள் தன் சம்பளத்தில் சேர்த்தது.

அவள் ஐந்து பேர் அணியில் ஒருத்தி. துப்பாக்கிச் சண்டைக் கேம். எதிரணியிலும் ஐந்து பேர். அவரவர் ஊரிலிருந்தே ஒன்றாக விளையாடுவார்கள். இவள் இதுவரை விளையாடிய பஸாரிலுள்ள நெட் கபே போன மாதம் மூடப்பட்டுவிட்டது. நாளை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாகாணத் தெரிவுப் போட்டி. இவளுடைய மெஷின் நடுவில் நின்றால் இவள் இடம் வேறு ஆளுக்கு என்று பெல்மதுளையிலிருக்கும் அணித் தலைவன் ஒளிக்காமல் சொல்லிவிட்டான்.

நானா மேசையில் இரண்டு செயலிச் சிப்களை வைத்தார்.

"கோர் எண்டா உள்ளுக்கு வேலை செய்ற ஆள் மாதிரி, கங்காணி. இதுல ரெண்டு பேர், நல்ல வேகமான ஆக்கள். இதுல நாலு பேர், வேகம் கொஞ்சம் குறைவு. விலை ரெண்டும் ஒண்டுதான். என்ன கேம் விளையாடுறது?"

சுகந்தினி வாயைத் திறந்தாள். அதற்குள் கங்காணி கையை உயர்த்திவிட்டார்.

"ஆளப் பத்தின்னா என்கிட்ட கேளுங்க. இருவது வருசமா ரப்பர் மலையில ஆளப் பிரிச்சு விடுறேன். ஒரு மரத்துக்கு ஒரு கத்திதான். ரெண்டு பேர் வேலைக்கு நாலு பேர அனுப்பினா, ரெண்டு பேர் பால் வெட்டுவான், மத்த ரெண்டு பேர் வெத்தல போட்டுக்கிட்டு நிப்பான். கையோட்டம் உள்ள ரெண்டு பேர் போதும்." என் பக்கம் திரும்பினார். "என்னங்க சார், சரிதானுங்களே?"

"ஓம் கங்காணி, நீங்கள் சொல்லுறது சரிதான்."*

நானா பில் புத்தகத்தை எடுத்தார். "சரிவரல்லையெண்டா வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்ள கொண்டாங்க, மாத்தித் தாரேன்" என்றார்.

* கங்காணி சொன்னது முழுப் பிழை அல்ல. பழைய கேம்கள் பலவற்றுக்கு வேலையை நாலாகப் பிரிக்கத் தெரியாது. அங்கே வேகமான இரண்டு பேரே கெட்டிக்காரர்கள். இப்போது வரும் கேம்கள் பிரித்துக் கொடுக்கின்றன. புதன்கிழமை இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். நாலு நாள் பிந்திய அறிவு.

4

புதன்கிழமை சுகந்தினி முன்பள்ளிக் கடிதம் ஒன்றுடன் கந்தோருக்கு வந்தாள். மெஷின் எப்படி என்று கேட்டேன்.

"ஆள் கம்மியா இருக்கறப்ப நல்லா ஓடுது சார். பத்துப் பேரும் ஒரே எடத்துல வந்துட்டா படம் அப்படியே நிக்குது. மறுபடி ஓடுறப்ப நான் செத்துக் கெடக்கேன்."

"இப்பிடி நிக்குமெண்டு உமக்கு முதலே தெரியுமோ?"

"தெரியும் சார். நாலு வேணும்னு கேக்கத்தான் அன்னிக்குக் கடைக்கு வந்தேன்."

"அப்ப கடையில சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

"அப்பா மலையில நிக்கிறப்ப சத்தமாத்தான் பேசுவாரு. கடை, கந்தோரு, ஆஸ்பத்திரின்னு வந்துட்டா தலைய ஆட்டிட்டு வந்துருவாரு. அன்னிக்குத்தான் வாயத் தொறந்தாரு. நீங்களும் ஓம்னுட்டீங்க."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் வந்து கங்காணியிட்டச் சொல்லுறன்."

"வேணாங்க சார். கம்பியூட்டர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டி, லயத்துல எல்லாருக்கும் அந்த ரெண்டு பேர் கதைய சொல்லிக்கிட்டிருக்காரு. பொட்டு வச்சதத் திருப்பிக் குடுக்க மாட்டாரு. நாம கட்டாயப்படுத்திக் குடுக்க வச்சா, இனிமே எந்தக் கடையிலயும் பேச மாட்டாரு. நான் தோத்தாத் தோத்துட்டுப் போறேன்."

அவள் போனதும் நானாவுக்கு போன் போட்டேன்.

"அந்தக் கேமா? அதுக்கு நாலு இல்லாட்டிச் சரிவராதே சார். என்ன கேம் எண்டு நான் கேட்டேன்தானே. நீங்க ஓம் எண்டீங்க, நான் பில்லப் போட்டேன்."

அன்றே பஸ் ஏறியிருக்கலாம். நான் வீட்டுக்கு வந்து முதல் தொடக்கத்தை எழுதினேன்.

5

முடிவுகள்:

(அ) போட்டி நாளன்று படம் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடுகிறது. சுகந்தினி வெல்கிறாள். [எழுதிவிட்டுக் கிழித்தேன். கதைக்காரன் நினைத்தான் என்பதற்காகச் சிப் வேலை செய்யாது.]

(ஆ) நான் லயத்து வீட்டுக்குப் போய், கங்காணிக்கு கோர்களைப் பற்றி விளக்குகிறேன். அவர் தலையை ஆட்டுகிறார். [ஆட்டுவார். அந்தத் தலையாட்டலைத்தான் அந்தப் பெண் பார்க்க விரும்பவில்லை.]

(இ) கங்காணி மகளுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவள் விளையாடுவதைப் பார்க்கிறார். இதுவரை பெட்டியைத்தான் பார்த்தார், திரையை ஒரு நாளும் பார்க்கவில்லை. பத்துப் பேர் ஒரே இடத்தில் வருகிறார்கள். படம் நிற்கிறது. இருபது வருடம் மலையில் நின்ற மனிதருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. "ஆள் பத்தலையே" என்கிறார். "இம்புட்டு வேலைக்கு ரெண்டு பேர விட்டது யாரு?"

இதை எழுதியதும் கை நின்றுவிட்டது. இது முடிவே அல்ல. இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை. கங்காணி பிழை என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. வேலையைக் காட்டினால் போதும், ஆள் கணக்கை அவரே மாற்றுவார். மாற்ற வேண்டியது உள்ளே இருக்கும் சிப் மட்டும். பொட்டு வெளியே பெட்டியில் இருக்கிறது. அது அப்படியே இருக்கும்.

[இந்தக் கதையில் நாலு பேர். கங்காணி படித்தால், இதில் ஒருத்தன் வெத்தல போட்டுக்கிட்டு நிக்கிறான் என்று உடனே சொல்லிவிடுவார். எவன் என்று உங்களுக்குத் தெரியும்.]

6

மணி மூன்று ஐந்து. கந்தோருக்கு இன்று அரைநாள் லீவு. இறப்பர்த் தோட்டத்தில் வேலை வெள்ளென முடிந்துவிடும், கங்காணி இப்போது வீட்டில் இருப்பார். முன்பள்ளியும் விட்டிருக்கும். ஜும்ஆத் தொழுகைக்கு மூடிய கடையை நானா திரும்பவும் திறந்திருப்பார். புளத்கொகுபிட்டிய பஸ் மூன்றே காலுக்கு. அது தோட்டத்துச் சந்தியில் நிற்கும். கதையை முடிக்க உட்கார்ந்தால் பஸ் போய்விடும்.

ஆகவே முடிவை உங்களிடம் விட்டுவிட்டு எழும்புகிறேன். நான் பஸ்ஸைப் பிடித்தேனா, கங்காணி முக்காலியைப் போட்டாரா, ஆறு மணிக்கு முன் அப்பாவும் மகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்களா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ரெண்டா, நாலா என்று யாராவது உங்கள் பக்கமும் திரும்பிக் கேட்பார்கள். தெரியாவிட்டால், தெரியாது, பிள்ளையைக் கேளுங்கள் என்று சொல்லுங்கள். அன்று நான் அதைச் சொல்லியிருந்தால், வாயைத் திறந்து நின்ற சுகந்தினி பேசியிருப்பாள்.