பெரிய ஸ்பீக்கருக்குச் சின்ன ஆம்ப்

"ஸ்பீக்கர வித்தவன் ஏமாத்திட்டான்" என்று மூணாறு போகும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் சுவக்கீன் புலம்பினார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு என்னையும் ஜீப்பில் ஏற்றியிருந்தார். மூடிப்போன ரிசார்ட் ஒன்றிலிருந்து வாங்கிய ஸ்பீக்கர் ஜோடி அது. வீட்டிலிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, பதினைந்து நாள் முழுச் சத்தத்தில் அலறவிட்டார். தோட்டத்து லயத்து வீடுகளில் அக்கம்பக்கத்துச் சாபமெல்லாம் எனக்குத்தான் வந்தது. நேற்றுப் பாட்டு திடீரென்று மங்கிவிட்டது என்று சொன்னதும் நான்தான்.

சவுண்ட் கடை ஏசுரத்தினம் பெட்டியின் மேலிருந்த, மெல்லிய கீச்சுச் சத்தங்களைத் தரும் குட்டி ட்வீட்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கம்பிச்சுருள் கரிந்து கிடந்தது.

"ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தாண்ணே. ஒங்க ஆம்புக்குத்தான் தெம்பு பத்தல. நாப்பது வாட்ஸ் ஆம்புல நூறு வாட்ஸ் சத்தம் கேட்டா, அது பாட்டக் கிழிச்சுத்தான் குடுக்கும். அந்தக் கிழிசல்தான் ட்வீட்டரக் கருக்கிருச்சு."

"சின்ன ஆம்பு எப்பிடிப்பா பெரிய ஸ்பீக்கரக் கெடுக்கும்?"

"எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்காங்க. பெரிய ஆம்ப வாங்கி அளவா வச்சுக் கேட்டா ஒண்ணும் ஆவாது. போறதுக்கு முன்ன கரகரன்னு கத்தியிருக்குமே, கேக்கலியா?"

"இல்லியே. சுத்தமாத்தான் இருந்துச்சு."

பதினைந்து நாளும் அது தகரத்தைக் கல்லில் இழுத்ததுபோல் கத்தியது. குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். "ஒனக்குப் பாட்டுன்னாலே ஆகாது" என்று சிரித்தார். திமிர் என்றே நினைத்துவிட்டேன், பாவி நான்.

ஏசுரத்தினம் புது ட்வீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டே, கடையிலிருந்த பெரிய ஆம்பை அந்தப் பெட்டியிலேயே மாட்டி, சரிபார்க்க ஒரு பாட்டைப் போட்டார். யாரும் கேட்காமலே என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது.

"ஆங், இப்பத்தான் தெளிவா இருக்கு!"

ட்வீட்டரும் அதன் ஒயரும் பெட்டியில் மாட்டப்படாமல் இன்னும் ஏசுரத்தினத்தின் கையில்தான் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டும் மெஷினின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே பதினோரு வருஷம் நின்றவர் இவர். இப்போது சின்னக்கானலில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பதினாலு பேரைத் தினமும் ஜீப்பில் மலைக்கு ஏற்றுகிறார். நானும் அதில் ஒருத்தி. பனிப்புகைபோல மஞ்சு இறங்கினால் வளைவில் கண் உதவாது. வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்து, எதிர்ஹாரன் வருகிறதா என்று கேட்டுத்தான் எங்கள் டிரைவர்கள் திருப்புவார்கள்.

திரும்பும்போது நல்ல மஞ்சு. குறுகலான வளைவில் நிறுத்தினார். ஹாரன் அடித்தார். தலையை வெளியே நீட்டிக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல" என்று கியரைப் போட்டார்.

மெல்லிய ஹாரன் ஒன்று இரண்டு தடவை, மிக அருகில், எனக்குக் கேட்டது.

"நிறுத்துங்க!" ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். மஞ்சுக்குள்ளிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்து, பம்பரை உரசாத குறையாகக் கடந்துபோனது. புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு பிள்ளை.

ஜீப்பை ஓரங்கட்டினார்.

"ஹாரன் அடிச்சானா?"

"ரெண்டு தடவ."

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "நீ தெனமும் முன்னால உக்காந்து கேட்டுச் சொல்லு, இன்பம். வெளிய தெரிய வேண்டாம். ஜீப்ப விட்டா நான் எதுக்கு ஆவேன்?" என்றார்.

பாவமாக இருந்தது. கோபமும் வந்தது.

"எனக்குக் காய்ச்சல் வந்து கெடக்குற அன்னைக்கு?"

எஞ்சினை அணைத்தார்.

"இப்ப என்ன கேக்குது?" என்று என்னிடம் கேட்டார்.

"சில்வண்டு. காடு முழுக்கக் கத்துது."

அவர் மறுபடியும் தலையை வெளியே நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரெண்டு வருசமா சில்வண்டே வரலியேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

பிறகு சாவியை உருவி என் மடியில் வைத்தார். எனக்கு ஜீப் ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்த யாராவது வண்டியில் வருகிறார்களா என்று, இருவருக்கும் சேர்த்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.