சார் சொன்ன இருபத்துநாலு இன்ச்

"ஆபீஸ்ல இருக்கற மாதிரியே மானிட்டர் இருபத்துநாலு இன்ச் போதும்னு சார் சொன்னாருங்க" என்று மனைவி சொன்னதும் தையல்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சார், அவள் பிழை திருத்தும் பாடநூல் அச்சகத்தில் அவளுக்கு மேலதிகாரி. ஒரு தடவைகூட வீட்டுப் படி மிதித்தவரில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் சார், துணி மடித்தால் சார். எந்த நாற்காலி முதுகுக்கு ஆகாது, எந்தக் கண்ணாடி கண்ணுக்கு நல்லது, எல்லாவற்றிலும் அந்த ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். இப்போது அளவிலும் மூக்கை நுழைத்தால் எப்படிப் பொறுப்பது?

அவள் இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். மானிட்டர் வாங்குவது தன் பொறுப்பு என்று மார்தட்டியவன் அவன்தான். அவள் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்கிற சாக்கில் அச்சகத்துக்கே போனான். அவள் தண்ணீர் பிடிக்க எழுந்த நேரம் பார்த்து, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அவள் மானிட்டரை இடமிருந்து வலமாக அளந்தான். அவனுக்கு வந்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"உங்க சாருக்கு டேப்பே பிடிக்கத் தெரியல. இருபத்தொண்ணுகூடத் தேறல, இதைப் போய் இருபத்துநாலுங்கறாரு."

"அதை அளக்கற விதமே வேறன்னு நினைக்கிறேங்க."

"அளவுல என்னடி வேற விதம்? இடுப்பைக் கோணலாவா அளக்கறோம்?"

கடைக்காரர் நல்லபடியாகத்தான் கேட்டார். "மேசை எவ்வளவு ஆழம்? எவ்வளவு தள்ளி உட்காருவாங்க?" தனக்கே அளவு சொல்லித்தரும் வாடிக்கையாளர்களைப் பார்க்கிற பார்வையை அவர்மேல் வீசிவிட்டு, இருப்பதிலேயே பெரிய முப்பத்திரண்டைக் கேட்டு வாங்கினான். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பினால், அதில் ஒரு படம். மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக ஓர் அம்புக்குறி, பக்கத்தில் முப்பத்திரண்டு. அவன் முகம் செத்துவிட்டது. அவள் பார்ப்பதற்குள் பெட்டியை மடக்கிப் பரண்மேல் திணித்தான். தாராளமாகத் தைத்துவிட்டால் துணியைப் பிடித்துத் தைத்துச் சின்னதாக்கிக்கொள்ளலாம். இதை எங்கே போய்ப் பிடிப்பது?

ஜன்னலோரம் சுவரை ஒட்டிக் கிடந்த மேசையோ ஒடுக்கமானது. மானிட்டரை வைத்தால் விசைப்பலகைக்கே இடமில்லை. அவள் மூக்கு திரையில் இடிக்காத குறை.

"எப்படி இருக்கு?" என்றான்.

"சினிமாக் கொட்டகையில முதல் வரிசையில உட்கார்ந்த மாதிரி இருக்குங்க."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். சில நாட்களில் அவள் கழுத்தில் வெந்நீர்த் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். கேட்டதற்குத் தலையணை சரியில்லை என்றாள். அன்றைக்கே புதுப் பஞ்சு வைத்துத் தலையணை தைத்துக் கொடுத்தான். உள்ளுக்குள் குறுகுறுத்தாலும் வாய் திறக்கவில்லை. திறந்தால் சார் ஜெயித்துவிடுவாரே!

ஒருநாள் நூல்கண்டு எடுக்க உள்ளே வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். வீடியோ அழைப்பில் சார். அந்த மனிதரின் முகம் திரை முழுக்க, நல்ல பூசணிக்காய் அளவுக்கு, அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. தன் கையாலேயே அந்த ஆளை நடுவீட்டுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறோமே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்குத் தலை நிறைய முடி வேறு.

"ஏம்மா, இந்தத் தடவை பக்கத்தோட ஓரங்கள்ல நிறையப் பிழை தப்பியிருக்கே. நீ விடற ஆள் இல்லையே. இப்படியே போனா திரும்ப ஆபீசுக்கே வரச் சொல்லிடுவாங்க. மானிட்டர் தோதா இருக்கா?"

தையல்காரனுக்குத் திக்கென்றது. மறுபடியும் ஆபீஸ், மறுபடியும் இந்த ஆளுக்குப் பக்கத்து நாற்காலி. இப்போது அவள் மானிட்டரைக் குறை சொல்வாள், மானம் போகும் என்று காத்திருந்தான்.

"மானிட்டரெல்லாம் ரொம்பச் சரியா இருக்கு சார்" என்றாள் அவள், ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டே. "எங்க வீட்டுக்காரர் பார்த்து வாங்கினது. அவர் அளவு தப்பவே தப்பாது. நான்தான் கவனமில்லாம விட்டுட்டேன்."

அவனால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. நேரே போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"வணக்கம் சார். தப்பு அவளோடது இல்ல. இந்த மேசைக்கு நான் ரொம்பப் பெரிசா வாங்கிட்டேன். தெரிஞ்சும் சொல்லல. அவ கழுத்து போச்சு. நீங்க சொன்ன இருபத்துநாலே சரி, நாளைக்கே மாத்திடறேன்."

"அட, விடுங்க. நானும் முதல்ல பெரிசா வாங்கி முழிச்சவன்தான்" என்று சார் வாய்விட்டுச் சிரித்தார். பல்வரிசையும் நன்றாகத்தான் இருந்தது. தையல்காரனுக்கு அந்த ஆளை இன்னமும் பிடிக்கவில்லை.

கழுத்து திரும்பாததால் அவள் நாற்காலியோடு திரும்பி அவனைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. முதுகுக்குப் பின்னால் திரையில் சார் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், அவள் திரும்பவில்லை.